மல்லேஸ்வரத்துப் பின்சந்துகள்

பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம்மவரில் பலருக்கு மல்லேஸ்வரம் என்றால் எட்டாவது கிராஸ் கடைத்தெருவும் சம்பிகே ரோடும்தான். பூவும் காயும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். இரண்டு தெரு உள்ளே தள்ளி நடந்தால் நூறாண்டு கண்ட வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. போகிற வேகத்தைப் பார்த்தால் அவற்றைப் பற்றி இப்போதே எழுதிவிடுவது நல்லது.

1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியது. நெருக்கமான பழைய பேட்டைகளை விட்டு ஜனங்கள் வெளியேறினார்கள். விக்டோரியா அரசியின் கடைசி ஆண்டுகள் அவை. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் பாலக்காட்டுப் பக்கத்துச் சேஷாத்ரி ஐயர். வடக்கே மல்லேஸ்வரமும் தெற்கே பசவனகுடியும் அந்தக் காலத்தில்தான் புறநகர்களாக உருப்பெற்றன. ஊரின் பெயர் மட்டும் பழையது. காடு மல்லேஸ்வரர் கோயிலின் 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பின்னாளில் தஞ்சாவூரில் மராத்திய அரசை நிறுவிய ஏகோஜியினுடையது.

நோய்க்குப் பயந்து போட்ட ஊர் இது என்பது தரையிலேயே தெரியும். மெயின், கிராஸ் என்று நேர்கோட்டுத் தெருக்கள்; வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் காற்றோட்டத்துக்கு இடம்; அதில் மா, தென்னை, சம்பகம். வீடுகளுக்குப் பின்னால் ஓடும் குறுகிய சந்துக்குக் ‘கன்சர்வன்ஸி லேன்’ என்று பெயர். கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருக்கும். மலம் அள்ளும் வண்டி அந்தச் சந்து வழியாகவே வந்து போகும். வீதிப்பக்கம் அந்தத் தொழிலாளி கண்ணில் படக்கூடாது என்பதும் திட்டத்தில் ஒரு பகுதிதான். குடியிருப்புப் பகுதிகளைச் சாதி பார்த்தே பிரித்தார்கள். பாரம்பரியம் என்று பேசினால் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஓட்டு வீட்டை மட்டும் படம் பிடித்துப் பிரயோஜனமில்லை.

வீடுகளின் அழகு தனி. மங்களூர் ஓடு, சிவப்பு ஆக்ஸைடு தரை, ஜன்னலுக்கு மேல் மரச்சட்டங்களால் கூம்பாக இறங்கும் ‘மங்கி டாப்’. முகப்பு கன்டோன்மென்ட் துரை பங்களாவைப் பார்த்துச் செய்தது. உள்ளே போனால் நம் ஊர்க் கூடம், பூஜையறை, கொல்லைக் கிணறு! திருச்சியில் பிறந்த ஸர் சி.வி. ராமன் வாழ்ந்த ‘பஞ்சவடி’யும் மல்லேஸ்வரத்தில்தான் மரங்கள் சூழ இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூன்று சகோதரர்கள். இருவர் அமெரிக்காவில். இங்கிருந்த மூத்தவருக்கு ஓடு மாற்றவே பென்ஷன் போதவில்லை. வீட்டை பில்டரிடம் கொடுத்து ஆளுக்கொரு ஃபிளாட் வாங்கிக்கொண்டார்கள். மங்கி டாப் பலகைகள் பழைய மரக்கடைக்குப் போயின. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனை விலை கோடிகளில் இருக்கும்போது, ஊருக்காக வீட்டைக் காப்பாற்று என்று ஒரு குடும்பத்திடம் மட்டும் எப்படிச் சொல்வது?

பம்பாயில் 1995-ல் வந்த பாரம்பரியக் கட்டட விதிகள், தனிக் கட்டடத்தோடு நில்லாமல் முழு வட்டாரங்களையும் பட்டியலில் சேர்த்தன. கட்டும் உரிமையை இழப்பவர் அதை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ வழியும் வைத்தன. கிர்காவில் உள்ள கோத்தாச்சிவாடி வீடுகள் எல்லாமே தப்பிவிடவில்லை; ஆனால் பேச ஒரு சட்டமாவது இருந்தது.

இங்கே முதலில் காக்க வேண்டியது பங்களாவைவிட இடைவெளியை என்பேன். மதிலை ஒட்டி நாலு மாடி எழும்பினால் பக்கத்து வீட்டுக் கூடத்தில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பிளேக் கற்பித்துப் போட்ட இடைவெளி அது. பின்சந்துகளில் பல இன்று குப்பையும் கார்களுமாக அடைந்து கிடக்கின்றன. சிலவற்றைக் குடியிருப்போரே சுத்தம் செய்து, சுவரில் படம் எழுதி, நடக்கும் வழியாக்கியிருக்கிறார்கள்.

சங்க அன்பர்களில் அந்தப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் பத்திரத்தோடு உள்ள மனை வரைபடத்துக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பாகப்பிரிவினையில் முதலில் தொலைவது அந்தக் காகிதம்தான்.