எங்க வள்ளத்துக்கு எத்தனை குதிரை?

"எத்தனை ஹெச்.பி. போதும்டா?" என்று அப்பா கேட்டபோது முழித்தேன். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். தெர்மல் லேபில் ரோப் பிரேக் டெஸ்ட் போட்டவன். ஆனா பாய்மர வள்ளத்துக்கு அவுட்போர்டு மோட்டார் எப்படிப் பார்த்து வாங்குறதுன்னு எந்தப் பாடத்திலும் வரலையே!

எங்க ஊர் பாக் விரிகுடாக் கரை. ஒருநாள் நடுக்கடலில் காற்று சுத்தமா விழுந்துபோச்சு. நீவாடு இழுத்த இழுப்புக்கு எதிரா ராத்திரி பூரா துடுப்பு போட்டு, விடிஞ்சுதான் அப்பா கரை சேர்ந்தார். மறுவாரம் அம்மா செயினைக் கழற்றிக் கொடுத்தாங்க. ஆகவே தப்பா வாங்கினா மாற்ற வழியில்லை.

கடைக்காரர், "பதினைந்து எடுங்க தம்பி, பறக்கும்" என்றார். பறக்காது. தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் கனமான வள்ளத்துக்கு வேக எல்லை உண்டு. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். எங்களுடையது 25 அடி. 5 × 1.34 = 6.7 நாட். அதற்கு மேல் போகணும்னா வள்ளம் தானே எழுப்பிய அலை மேல ஏறணும். கூடுதல் குதிரையெல்லாம் அந்த மேட்டிலேயே மூச்சு வாங்கிடும். (அடி தட்டையான, லேசான ஃபைபர் படகுக்கு இந்தக் கணக்கு செல்லாது.) டன்னுக்கு 4 ஹெச்.பி. என்பது பொதுவான கைக்கணக்கு. ஆள், வலையோடு ஒன்றரை டன், 6 போதும். எதிர்க்காற்றுக்கும் நீவாட்டுக்கும் சேர்த்து 8.

ஹெச்.பி.யைவிட முக்கியம் ஷாஃப்ட் நீளம். மாமா மலிவாக் கிடைக்குதுன்னு 15 அங்குல ஷார்ட் ஷாஃப்ட் வாங்கினார். அலையில் பின்பக்கம் எழும்பும்போதெல்லாம் ப்ரொப்பெல்லர் வெளியே வந்து எஞ்சின் கத்தும். கூலிங் தண்ணிக்குப் பதிலா காற்றை உறிஞ்சும். ஒரு சீசன் தாங்கல, பிஸ்டன் ஜாம். மோட்டார் மாட்டும் பலகையின் மேல்விளிம்பிலிருந்து வள்ளத்தின் அடிவரை டேப் வையுங்க. ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, அடியிலிருந்து ஓர் அங்குலமாவது கீழே இருக்கணும். எங்களுக்கு 19 வந்தது. 20 அங்குல லாங் ஷாஃப்ட் எடுத்தோம்.

ப்ரொப்பெல்லர் பிட்ச் குறைவா இருக்கட்டும். சுமை லாரி மேடேற முதல் கியர் போடுற மாதிரிதான். பாயில் போகும்போது மோட்டாரைச் சாய்த்துத் தூக்கிடணும், இல்லாட்டி இழுவை.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? இதில்தான் வீட்டில் சண்டை. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகைவழியே வீணாப் போகும், ஆயில் கலக்கணும். ஃபோர் ஸ்ட்ரோக் சிக்கனம். ஆனா சுமார் 10 கிலோ கூடுதல். "நீ ஹாஸ்டல்ல இருப்பே, தினம் யாருடா தூக்குறது?" என்றார் அப்பா. நியாயம்தான். தம்பி தூக்குறேன்னு ஒத்துக்கிட்ட பிறகே ஃபோர் ஸ்ட்ரோக் வந்தது.

உப்பு போக, கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணி ஊற்றி மோட்டாரை ஓடவிடணும். எங்க ஊரில் குடிக்கிற தண்ணிக்கே வரிசை. மோட்டாருக்குன்னு தனியா நாலு குடம் பிடிக்கிறாங்க அம்மா.