மனச்சோர்வும் காந்த சிகிச்சையும்

கடுமையான மனச்சோர்வை ஒரு வியாதியென்று ஒப்புக்கொள்ளவே நம்மவரில் பலருக்கு மனம் வருவதில்லை. சோம்பல் என்பார் சிலர். கிரக தோஷம் என்பார் வேறு சிலர். வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தவர்களிலும் மருந்தினால் குணமடையாதார் ஒரு பகுதியினர் உண்டு. அவர்களுக்கென்று மேனாட்டில் தோன்றிய காந்த சிகிச்சையைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

காந்தம் என்றதும் கடைகளில் விற்கும் காந்தக் காப்பு நேயர்களின் நினைவுக்கு வரலாம். அதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. மாறிக்கொண்டிருக்கும் காந்த சக்தி அருகிலுள்ள கம்பியில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831-ல் பாரடே காட்டினார். 1985-ல் இங்கிலாந்திலுள்ள ஷெப்பீல்டு நகரில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய சகாக்களும் ஒரு கம்பிச் சுருளைத் தலைமீது பிடித்து, அதில் கணப்பொழுது மின்சாரத்தைச் செலுத்தினார்கள். மண்டையோட்டைத் திறவாமலே மூளை தூண்டப்பெற்றுக் கை துடித்தது. மனச்சோர்வுக்கு இச்சுருளைப் பெரும்பாலும் நெற்றியின் இடப்புறத்துக்கு மேலே வைக்கிறார்கள். நோயாளி விழித்தபடியே நாற்காலியில் சாய்ந்திருப்பார். மயக்க மருந்து வேண்டுவதில்லை. தலைவலி உண்டாகலாம், வலிப்பு வருவது வெகு அபூர்வம். தலைக்குள் உலோகக் கருவி பொருத்தப்பட்டவர்களில் பலருக்கு இது ஆகாது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-லேயே இதற்கு அனுமதி அளித்துவிட்டது. ஆயினும், தினந்தோறும் அரைமணி நேரத்துக்கு மேலாக, வாரத்தில் ஐந்து நாள், நாலு முதல் ஆறு வாரம் வரை நோயாளி வந்துபோக வேண்டியிருந்தது. கூலிக்குப் போகும் ஏழைக்கு இது எட்டுமா? இங்கேதான் கானடா தேசத்து வைத்தியர்கள் 2018-ல் வெளியிட்ட பரிசோதனை நமக்கு முக்கியமாகிறது. மருந்தினால் போதிய பயன் பெறாத 414 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 37½ நிமிஷ சிகிச்சையும், மற்றப் பிரிவினருக்கு மூன்றே நிமிஷ சிகிச்சையும் அளித்தனர். நோய் பாதியளவாவது தணிந்தவர்கள் முன்னதில் 100-க்கு 47 பேர். பின்னதில் 49 பேர். போலி சிகிச்சை பெற்ற மூன்றாவது பிரிவு ஒன்று இல்லாதது இச்சாட்சியத்தின் குறை என்பதை வக்கீல் புத்தி கவனியாமல் விடாது. எனினும், குறுகிய முறை பழைய முறைக்குத் தாழ்ந்ததல்ல என்பது ருசுவாகிவிட்டது. பாதிப்பேருக்கு இவ்வளவு பலன்கூடக் கிட்டவில்லை என்பதையும் மறைக்கலாகாது; இதைச் சர்வரோக நிவாரணியாக விளம்பரம் செய்து பணம் பறிப்போரை நாம் நம்பலாகாது.

சுருளைச் சரியான இடத்தில் பொருத்தும் நேரத்தைக் கூட்டினாலும், முன்பு ஒருவருக்குப் பயன்பட்ட அவகாசத்தில் ஒரே இயந்திரம் இனிப் பலருக்குப் பயன்படும். வைத்தியர் குறைந்த நமது தேசத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறென்ன?

சட்டமும் தயாராகவே இருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் பணம் பெறும் ஸ்தாபனங்களில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்குகிறது. அச்சிகிச்சை தாங்கக்கூடிய செலவில், எளிதில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் கிடைக்கவேண்டும் என்றும் கூறுகிறது. 21-வது பிரிவு, உடல் வியாதிக்குச் சமமாக மனவியாதிக்கும் இன்ஷியூரன்ஸ் வசதி தரவேண்டுமென்று விதிக்கிறது. எந்தெந்த ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இவ்வியந்திரம் வைக்கப்படும், அதை நடத்தப் பழகிய டாக்டர்கள் எங்கிருந்து வருவர், எந்த வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கப்படும் என்பவற்றை மந்திரிகள் சட்டசபையில் தெரிவிக்கவேண்டும்.