தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கும்!



முதலில் ஒரு சின்ன விளையாட்டு. "நீ பெரிய ஆளுதான்!" என்ற வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள். ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கிய தோழியைப் பாராட்டுவது போல ஒரு முறை. நண்பனைக் கிண்டல் செய்வது போல ஒரு முறை. உங்கள் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவனிடம் கோபப்படுவது போல ஒரு முறை. சொற்கள் அதேதான். குரலும் முகமும் மாறியதும் பொருளே மாறிவிட்டது அல்லவா?

இப்போது அதே வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி நண்பனிடம் நீட்டுங்கள். பாராட்டா, கேலியா, கோபமா? அவனுக்கு எப்படித் தெரியும்?

நன்றாகப் படித்த பெரியவர்களே ஒருமுறை இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

லிஃப்டில் பாதரசம்!

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினித் துறையில் இருந்தவர்கள் 1982-ஆம் ஆண்டிலேயே கணினி வழியாக அரட்டை அடித்தார்கள். உங்கள் பள்ளியில் அறிவிப்புப் பலகை இருக்கிறதல்லவா? அதுபோலக் கணினிக்குள் ஒரு பலகை. ஒருவர் எழுதினால் மற்றவர்கள் படித்துப் பதில் எழுதலாம். முக்கியமான அறிவிப்புகளும் வரும். வேடிக்கைப் பேச்சும் வரும்.

அந்த ஆண்டு செப்டம்பர் மாதம் ஒருவர் அதில் ஒரு புதிர் போட்டார். லிஃப்டின் சுவரில் மெழுகுவத்தி எரிகிறது. தரையில் ஒரு துளி பாதரசம். கம்பி அறுந்து லிஃப்ட் கீழே விழுந்தால் சுடரும் பாதரசமும் என்ன ஆகும்?

இதைப் படித்த இன்னொருவர் விளையாட்டாக ஓர் எச்சரிக்கை எழுதினார். ஏதோ அறிவியல் சோதனையால் இடது ஓரத்து லிஃப்டில் பாதரசம் கலந்துவிட்டதாம். கொஞ்சம் தீயும் பிடித்ததாம்! புதிரைப் படித்தவர்களுக்கு அது வேடிக்கை என்று புரிந்தது. ஆனால் சிலர் உண்மை என்றே நம்பிவிட்டார்கள். பாதரச ஆவி உடம்புக்குக் கெடுதி. பயம் வராதா?

பிறந்தது சிரிப்புக் குறி

'வேடிக்கையாக எழுதும்போது ஓர் அடையாளம் போட்டால் என்ன?' என்று பேச்சு எழுந்தது. நட்சத்திரக் குறி போடலாம் என்றார் ஒருவர். சதவீதக் குறி போதும் என்றார் மற்றொருவர். செப்டம்பர் 19-ஆம் தேதி காலை 11.44 மணிக்கு ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிஞர் ஒரு யோசனை எழுதினார். முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து :-) என்று போடலாம். தலையைச் சாய்த்துப் பாருங்கள், சிரிக்கிறதா? வேடிக்கை இல்லை என்று காட்ட :-( என்ற குறியையும் சொன்னார். பிறகு அதுவே சோகத்தைக் காட்டும் குறியாகிவிட்டது.

இந்தக் குறிகள் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவின. அவர் அன்று எழுதியதை யாரும் பத்திரமாக எடுத்து வைக்கவில்லை. 20 ஆண்டுகள் கழித்து, 2002-இல் பழைய கணினி நாடாக்களில் தேடிக் கண்டுபிடித்தார்கள்!

1999-இல் ஜப்பானில் ஷிகெடகா குரிட்டா என்பவர் கைப்பேசிக்காக 176 குட்டிப் படங்களை உருவாக்கினார். இன்று நாம் அனுப்பும் எமோஜிகளுக்கு அவை முன்னோடி.

முகம் தெரியலையே!

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். காய்ச்சலில் படுத்திருந்த நண்பனுக்கு ஒரு மாணவன் சீட்டு எழுதி அனுப்பினான்: "நீ வராததால் நேற்று கபடியில் ஜெயித்துவிட்டோம்!" அவ்வளவுதான். காய்ச்சல் விட்டு வந்தவன், வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். ஒரு வாரம் இருவருக்கும் பேச்சு இல்லை.

நான் இருவரையும் அழைத்தேன். எழுதியதை வாயால் சொல்லச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தவுடனே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து மற்றவனும் சிரித்துவிட்டு, "சீட்டுல உன் மூஞ்சி தெரியலையேடா!" என்றான்.

அன்று ஒரு சீட்டு. இன்று அப்பா, அம்மாவின் கைப்பேசியில் நண்பர்கள் குழு. நீங்கள் ஒரு வரி அனுப்புகிறீர்கள். படிக்கும் தோழி வீட்டில் திட்டு வாங்கிவிட்டு அழுதுகொண்டிருக்கலாம். உங்கள் முகமும் அவளுக்குத் தெரியாது. அவள் முகமும் உங்களுக்குத் தெரியாது.

அதனால் வேடிக்கையாக எழுதினால் சிரிப்புக் குறி போடுங்கள். ஆனால் ஒன்று. "குண்டு", "மக்கு" என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் பத்துச் சிரிப்பு முகம் போட்டாலும் வலி வலிதான். நேரில் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்குவதை எழுத்திலும் சொல்ல வேண்டாம்.

நண்பர் எழுதியது மனதைச் சுட்டதா? உடனே கோபமாகப் பதில் அனுப்பாதீர்கள். "விளையாட்டுக்கா சொன்னாய்?" என்று கேளுங்கள். நீங்கள் எழுதியது பிறரைப் புண்படுத்திவிட்டால், மறுநாள் நேரில் போய் "மன்னிச்சுக்கோ" என்று சொல்லுங்கள். அப்போது உங்கள் முகம் தெரியும் அல்லவா?

புதிருக்கு விடை: தடையின்றி விழும் லிஃப்டுக்குள் எடை தெரியாது. சுடர் மேலே நீளாமல் சுருங்கி உருண்டையாகும். பாதரசத் துளியும் தட்டையாக இல்லாமல் உருண்டு திரளும்.