கட்டுவது எளிது, பதிவதுதான் பாடு: வீட்டில் செய்யும் டியர்டிராப் டிரெய்லர்

கலிஃபோர்னியாவில் வாழும் நம்மவர்கள் பலருக்கு இப்போது ஓர் ஆசை பிடித்திருக்கிறது. இருவர் படுக்க ஒரு கூடு, பின்கதவைத் தூக்கினால் சின்னச் சமையலறை என்று ஒரு டியர்டிராப் டிரெய்லரைத் தானே கட்டி, காரின் பின்னால் மாட்டிக்கொண்டு யோசெமிட்டி பக்கம் போய்வர வேண்டும். நல்ல ஆசைதான். வேலையைத் தலைகீழாகத் தொடங்குவதில்தான் கோளாறு. கராஜில் பலகை அறுத்து, அலுமினியத் தகடு போர்த்தி, மெத்தை விரித்து, நண்பர்களுக்குப் படமும் அனுப்பி முடித்த பிறகு வருகிறது கேள்வி: “இதுக்கு நம்பர் பிளேட் வேணுமா?”

வேண்டும். கலிஃபோர்னியாவில் பொதுச் சாலையில் ஓடும் டிரெய்லர் எவ்வளவு சிறியதானாலும், யார் கட்டியதானாலும், மோட்டார் வாகனத் துறையில், அதாவது டி.எம்.வி.யில், பதிந்திருக்க வேண்டும். “என் நண்பர் பிளேட் இல்லாமலே ஓட்டுறார், யாரும் பிடிக்கலை” என்பது சட்டம் ஆகாது. இன்னும் பிடிபடவில்லை என்று மட்டும்தான் அதற்குப் பொருள்.

இந்த வகை டிரெய்லர் 1930களில் அமெரிக்காவில் பரவியது. நாலடிக்கு எட்டடி பிளைவுட் பலகையை அதிகம் வெட்டாமல் பயன்படுத்தலாம் என்பதால் வீட்டுத் தச்சர்களுக்குப் பிடித்துப்போனது. வரலாறு இவ்வளவு போதும். காகித வேலைக்கு வருவோம்.

முதல் தவறு: காகிதம் இல்லாத சேசிஸ்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். பழைய படகு டிரெய்லர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. விற்பவர் “டைட்டில் எங்கேயோ இருக்கு, பிறகு அனுப்புறேன்” என்கிறார். பணம் கைமாறுகிறது. உரிமைச் சான்றிதழான அந்த டைட்டில் வருவதில்லை. அது திருட்டு வண்டியாக இருக்கலாம், பல ஆண்டுக் கட்டணம் பாக்கி இருக்கலாம். அதன்மேல் நீங்கள் கட்டிய வீடு முழுக்க அந்தப் பாக்கியோடு ஒட்டிக்கொள்கிறது.

சேசிஸ், அதாவது டிரெய்லரின் அடிச்சட்டகம், மூன்று வழிகளில் கைக்கு வரலாம். ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேறு.

புதிய கிட் அல்லது சேசிஸ் வாங்கினால், அதில் 17 இலக்க வின் எண், அதாவது வாகன அடையாள எண், பொறித்திருக்கும். உற்பத்தியாளரின் ‘சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்’ என்ற தாளைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். விலை ரசீது அதற்கு ஈடாகாது. வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் அலைய வேண்டியிருக்கும்.

பழைய டிரெய்லர் வாங்கினால், டைட்டிலில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போகின்றனவா, டைட்டிலில் உள்ள வின் எண்ணும் சேசிஸில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கையெழுத்திட்ட டைட்டிலும், ரெஜ் 135 படிவத்தில் விற்பனைச் சீட்டும் கையில் வந்த பிறகு பணம் கொடுங்கள். டைட்டில் தொலைந்துவிட்டது என்று சொன்னால், மாற்று டைட்டிலுக்கான ரெஜ் 227 படிவத்தில் பதிவு உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். தயங்குகிறாரா? வேறு சேசிஸ் தேடுங்கள்.

இரும்புக் குழாய் வாங்கி நீங்களே வெல்டிங் செய்தால், வின் எண்ணே இருக்காது. அரசு ஒதுக்கும் எண்ணைப் பெற வேண்டும். இதுவே முழுக்க வீட்டில் கட்டிய டிரெய்லர்.

ஓர் எச்சரிக்கை. பழைய சேசிஸைத் தேய்த்துப் பெயின்ட் அடிக்கும் உற்சாகத்தில் வின் எண்ணையும் சேர்த்து அரைத்துவிடாதீர்கள். எண்ணை அழிப்பது குற்றம். அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடியுங்கள்.

ஒரு ஃபைல் போடுங்கள், இன்றைக்கே

முதல் ஆணி வாங்கும் நாளில் ஒரு ஃபைல் திறந்து விடுங்கள். டி.எம்.வி.க்குப் போகும் நாளில் அதில் இவை இருக்க வேண்டும்:

1. டைட்டில், பதிவு விண்ணப்பமான ரெஜ் 343. நிரந்தர டிரெய்லர் பலகைத் திட்டத்தின்கீழ் எடுத்துக்கொள்ளப்பட்டால் அதற்கான ரெஜ் 4017. எந்த வகையில் சேர்ப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். இரண்டையும் நிரப்பியே எடுத்துப் போனால் இரண்டாம் முறை வரிசையில் நிற்க வேண்டாம்.

2. ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ எனப்படும் ரெஜ் 5036. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, யார் கட்டியது என்று நீங்கள் உறுதிகூறும் தாள் இது. பொய் எழுதினால் பின்விளைவு உங்களுக்குத்தான்.

3. வாகனச் சரிபார்ப்புப் படிவம் ரெஜ் 31. இதை நீங்கள் நிரப்பக் கூடாது. டிரெய்லரை நேரில் பார்த்து அதிகாரியே நிரப்புவார்.

4. ரசீதுகள். அச்சு, சக்கரம், காரோடு இணைக்கும் கப்ளர், இரும்பு, பிளைவுட், விளக்கு என எல்லாவற்றுக்கும். பாகங்கள் உங்களுடையவை என்பதற்கு இவையே ஆதாரம். விற்பனை வரி கட்டியாயிற்று என்பதையும் இவைதான் காட்டும். தெர்மல் தாளில் அச்சாகும் ரசீது சில மாதங்களில் வெளிறிவிடும். அன்றன்றே போட்டோ எடுத்து வையுங்கள். தனி ஆளிடம் வாங்கிய பழைய அச்சுக்கும் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு வேண்டும்.

5. எடைச்சீட்டு. லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் உள்ள சான்றளிக்கப்பட்ட எடைமேடையில் போட்டால் அச்சிட்ட சீட்டு தருவார்கள்.

6. கட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்கள். யாரும் கேட்காமல் போகலாம். கேட்டால் கையில் இருக்க வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன், ரசீதுகளை எறியாதீர்கள். வேலை முடிந்ததும் கராஜைக் கூட்டும்போது குப்பையோடு போவது ரசீதுதான். பிறகு தலையில் கை வைத்து நிற்பதும் கூட்டிய அதே ஆள்தான்.

நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியச் சட்டத்தில் ‘கேம்ப் டிரெய்லர்’ என்றால் கப்ளரின் முன்முனையிலிருந்து உடலின் பின்முனை வரை 16 அடிக்குள், அகலம் 96 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். வண்டி எந்த வகையில் சேரும், எந்தக் கட்டணம் என்பதெல்லாம் இந்த அளவோடு தொடர்புடையவை.

பிளேட் இல்லாத வண்டியை டி.எம்.வி.க்கு எப்படிக் கொண்டுபோவது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலே பலர் ‘பக்கத்தில்தானே’ என்று இழுத்துப் போய்விடுகிறார்கள். விடை எளிது. ரெஜ் 172 என்ற ஒருநாள் நகர்த்தல் அனுமதி இருக்கிறது. பதிவு இல்லாத வண்டியை எடை போடவோ சரிபார்ப்புக்கோ கொண்டுபோக இதை டி.எம்.வி.யில் முன்கூட்டியே வாங்கலாம். எந்த நாளுக்கு வாங்கினீர்களோ அந்த நாளுக்கு மட்டுமே செல்லும். எடைமேடை, டி.எம்.வி. இரண்டையும் அதே நாளில் முடித்துக்கொள்ளுங்கள்.

நேரம் குறித்துவிட்டுப் போங்கள். வின் எண் இல்லாத டிரெய்லர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். சில வண்டிகளை நெடுஞ்சாலைக் காவல்துறையின் சரிபார்ப்புக்கு அனுப்புவதும் உண்டு. எண் ஒதுக்கப்பட்டதும் அதைச் சொன்ன இடத்தில், சொன்ன விதத்தில் பொருத்துங்கள்.

வீட்டில் கட்டிய டிரெய்லர் அரிதாகவே கவுண்டருக்கு வரும். எதிரே இருப்பவருக்கு நடைமுறை உடனே நினைவுக்கு வராமல் போகலாம். ‘முடியாது’ என்று சொன்னவுடன் திரும்பிவிடாதீர்கள். சண்டையும் போடாதீர்கள். மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வாகனப் பதிவு நடைமுறைக் கையேட்டை டி.எம்.வி. இணையத்தில் பொதுவில் வைத்திருக்கிறது. டிரெய்லர் பற்றிய பகுதியை அச்செடுத்துப் போய்க் காட்டுங்கள். மறுத்தால் எந்தத் தாள் குறைகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சாதாரணக் குடிமகன் ஒரு சிறு வண்டியைப் பதிய இத்தனை படிவங்களைத் தேடிச் சேர்க்க வேண்டியிருப்பது நியாயமா என்றால், இல்லை. ஆனால் அந்த நியாயத்தைக் கவுண்டரில் நின்று பேசிப் பயனில்லை. ஃபைலை முழுமையாகக் கொண்டுபோவதே வழி.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இந்தப் படிவ எண்களை நம்பிப் போகாதீர்கள். நியூயார்க்கில் எம்.வி. 82, டெக்சஸில் 130-யூ என்று மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

1,500 பவுண்டு என்ற பொறி

கலிஃபோர்னியாவில் கேம்ப் டிரெய்லரின் மொத்த எடை 1,500 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் டிரெய்லருக்கே பிரேக் வேண்டும். மொத்த எடை என்றால் வெறும் வண்டி அல்ல, உள்ளே இருக்கும் எல்லாமும் சேர்த்து. முக்கால் அங்குல பிளைவுட் பலகை ஒன்றே ஏறத்தாழ 60, 70 பவுண்டு இருக்கும். 20 கேலன் தண்ணீர் 165 பவுண்டைத் தாண்டும். பேட்டரி, ஐஸ்பெட்டி, அரிசிப் பை, குக்கர் எல்லாம் ஏற்றினால் 1,200 பவுண்டு என்று நினைத்த வண்டி கோட்டைத் தாண்டியிருக்கும். பயணத்துக்கு ஏற்றும் சாமானோடு ஒருமுறை எடை போடுங்கள். கோட்டுக்கு அருகில் வந்தால் மின்சார பிரேக் போட்டுவிடுங்கள். அதற்கு 7 முனை இணைப்பு வேண்டும். விளக்குக்கு மட்டுமான 4 முனை போதாது.

கப்ளர்மேல் இறங்கும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்பாக ஆடும். உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். இழுக்கவே கூடாது என்று எழுதியிருக்கும் கார்களும் உண்டு. ஹிட்ச் மாட்டித் தரும் கடைக்காரர் சொல்வது சான்று ஆகாது.

பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். டிரெய்லர் இழுக்கும்போது வேக வரம்பு 55 மைல், வலப்பக்க லேன். மற்ற கார்கள் 75-இல் பறந்தாலும் உங்களுக்கு 55 தான். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது. குழந்தை தூங்குகிறது, எழுப்ப மனமில்லை என்று உள்ளேயே விட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சட்டவிரோதம் என்பது ஒருபுறம், அது வெறும் பலகைக் கூடு. சீட் பெல்ட்டும் இல்லை.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்: காரோடு இணைத்திருக்கும்போது டிரெய்லரால் பிறருக்கு நேரும் சேதம் என் பாலிசியில் அடங்குமா? டிரெய்லருக்கே நேரும் சேதம்? நிறுத்தி வைத்திருக்கும்போது? போனில் சொன்ன பதில் கிளெய்ம் நாளில் நிற்காது.

உள்ளே நெருப்பு வேண்டாம்

பதிவில் தவறினால் அபராதத்தோடு போகும். இதில் தவறினால் உயிர் போகும். இவ்வளவு சிறிய, இறுக மூடிய பெட்டிக்குள் கேஸ் ஹீட்டர், கரி அடுப்பு, கேம்ப் ஸ்டவ் எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை. தூங்குபவருக்குத் தெரியாது. ஜன்னலை லேசாகத் திறந்து வைத்தேன் என்பது பாதுகாப்பு அல்ல. சமையல் பின்கதவைத் தூக்கி வெளியே நின்றுதான். குளிருக்குத் தடித்த கம்பளி.

ஆர்.வி. எனப்படும் தங்கும் வண்டிகளுக்கென்று தயாரான கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, புரொப்பேன் அலாரம் ஒன்று பொருத்துங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனம் என்பதால் அந்த அலாரம் தரைக்கு அருகே இருக்க வேண்டும். சிலிண்டர் எப்போதும் வெளியே. பேட்டரியின் பாசிட்டிவ் முனையருகிலேயே ஃபியூஸ். இரண்டு பக்கமும் கதவு வையுங்கள். ஒன்று அடைபட்டால் மற்றொன்று வழி. மறுபடியும்: உள்ளே எதையும் எரிக்காதீர்கள். ஒரு இரவு மட்டும்தானே என்றும் வேண்டாம்.

பலகை அறுக்கத் தொடங்காதவர்கள் முதலில் சேசிஸ் காகிதத்தைச் சரிபாருங்கள். ஏற்கெனவே கட்டி முடித்துப் பதியாமல் ஓட்டுபவர்கள் அடுத்த பயணத்தைத் தள்ளிவையுங்கள். இந்த வாரம் ரசீதுகளைத் திரட்டுங்கள், டி.எம்.வி.யில் நேரம் குறியுங்கள், ஒருநாள் அனுமதி வாங்கி எடை போடுங்கள். பிளேட் வந்த பிறகு சாலைக்கு வாருங்கள்.