மக்காச்சோள நிழலில் சோயா

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், ஆளுயர மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே ஜூன் மாதம் சோயா மொச்சை விதைக்கிறார்கள். முளைத்த நாள் முதல் நிழல்தான். வெளிச்சம் தேடித் தண்டு நீளும், மெலியும், சாய்ந்துவிடும். அதனால் நிழல் தாங்கும் நான்டோ 12 போன்ற ரகங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். மக்காச்சோளத்தை அறுவடை செய்ததும் வெயில் பட்டு, செடி மளமளவெனத் தேறிக் கிளைவிடுகிறது.

மண்ணுக்கடியில் நடப்பது இன்னும் வியப்பு! மக்காச்சோள வேர் கசியவிடும் சின்னமிக் அமிலம், சோயாவின் வேரை அழுகச் செய்யும் ஒரு பூஞ்சையை அடக்குகிறது. தென்சீன ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். இரு பயிர்களின் வேர்களும் நெருங்கிப் பின்னும் இடத்தில் நோய் குறைகிறது.

தனக்குத் தேவையான சோயாவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் சீனா, 2022 முதல் இந்த ஊடுபயிர் முறையைப் பல மாகாணங்களில் பரப்பி வருகிறது.