மைல்ஸ் ஏன் தடுமாறுகிறான்?

2018-ல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டூ தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் ஒரு பனிக்காட்டுக் காட்சி உண்டு. பீட்டர் பார்க்கர் மரத்துக்கு மரம் சரளமா தாவிப் போவார். புதுசா சக்தி கிடைத்த பையன் மைல்ஸ் பின்னாலேயே தடுமாறிக்கொண்டு வருவான். அவன் கத்துக்குட்டி என்பது வசனமே இல்லாமல் நமக்கு உறைக்கும். அதற்கு நடிப்பு மட்டும் காரணமில்லை, கணக்கும்தான்.

சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். பீட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் புது நிலையில் இருப்பார். மைல்ஸின் ஒவ்வொரு நிலையும் இரண்டு ஃபிரேம் அப்படியே நிற்கும்; அதாவது நொடிக்கு 12 நிலைதான். அனிமேட்டர்கள் இதை 'ஆன் டூஸ்' என்பார்கள். கையால் வரைந்த காலத்தில் உழைப்பை மிச்சம் பிடித்த வழி இது. கம்ப்யூட்டரில் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். ஒரே ஷாட்டில் இரண்டு பேர், இரண்டு கணக்கு! கண்ணால் எண்ண முடியாது, ஆனால் ஒருத்தன் பின்தங்குகிறான் என்று மனசுக்குத் தெரிந்துவிடும். அவன் தேறியபிறகு அசைவும் 24-க்கு மாறுகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. இன்றைய டிவிகள் பலவற்றில் 'மோஷன் ஸ்மூத்திங்' வாங்கும்போதே ஆன் ஆகியிருக்கும். ஃபிரேம்களுக்கு நடுவே சாஃப்ட்வேரே புது ஃபிரேம்களை ஊகித்துச் செருகும். கிரிக்கெட்டுக்கு நல்லதுதான். ஆனால் மைல்ஸின் தடுமாற்றத்தை அது ஏதோ 'பக்' என்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்கும் (நம்ம ஆளுங்க எழுதின கோடுதானே!). சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் ப்ளஸ்', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்ற பெயர்களில் ஒளிந்திருக்கும். அணைத்துவிட்டு அந்தக் காட்டுக் காட்சியை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க.