எந்த வினை யாருடையது?

நீளமான ஆங்கில வாக்கியம் பிடிபடாவிட்டால் பலரும் அகராதியைப் புரட்டுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் சொல்லில் இருப்பதில்லை. எந்த வினை யாருடையது என்பதில்தான் இருக்கிறது.

‘ஜன்னலை உடைத்த பையன் ஓடிவிட்டான்’ என்பதில் வினைமுற்று ஒன்றுதான். ‘உடைத்த’ என்பது பெயரெச்சம். பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் இதையே ‘தி பாய் ஹூ ப்ரோக் தி விண்டோ ரேன் அவே’ என்பார்கள். அங்கே ‘ப்ரோக்’, ‘ரேன்’ இரண்டுமே காலம் காட்டும் முழு வினைகள். பையனைப் பற்றிய விவரமும் அவனுக்குப் பின்னால் வருகிறது. ‘விண்டோ’வை ஒட்டி ‘ரேன்’ வந்ததும் ஓடியது யார் என்று ஒரு கணம் தடுமாறுகிறோம்.

முழு வினையும் அதன் எழுவாயும் சேர்ந்தால் ஒரு கிளாஸ் (clause). தனித்து நிற்கக்கூடியது மெயின் கிளாஸ். ‘ஹூ’, ‘தட்’, ‘பிகாஸ்’, ‘இஃப்’ போன்ற கொக்கியில் தொங்குவது சப்ஆர்டினேட் கிளாஸ். ‘தி புக் ஐ பாட்’ என்பதுபோலக் கொக்கியே கண்ணில் படாமலும் போகலாம். ‘ரன்னிங்’, ‘டு ரன்’ முதலியவை நம் எச்சங்களைப் போன்றவை. தனியே நின்றால் முழு வினைக் கணக்கில் சேராது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிரியர்களாக இருந்த அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் இருவரும் 1877இல் வெளியிட்ட இலக்கண நூலில் வாக்கியத்தைப் படமாக வரைந்து காட்டினார்கள். ஒரு கிடைக்கோடு, அதை வெட்டிச் செல்லும் குத்துக்கோட்டுக்கு இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. அடைமொழிகள் கீழே சாய்ந்த கோடுகளில். நம் வாக்கியத்தில் ‘பாய் | ரேன்’ மேல்கோட்டில் அமரும். ‘ஹூ | ப்ரோக்’ கீழே தனிக்கோட்டில். ‘ஹூ’விலிருந்து ‘பாய்’க்கு ஒரு புள்ளிக்கோடு. ஓடியவன் யார் என்பதில் இனி ஐயமில்லை.

கிளாஸின் எல்லையில் காற்புள்ளி வந்தால் பொருளே மாறக்கூடும். ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் எ டாக்டர்’ என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், சகோதரர் பலர், மதுரைக்காரர் டாக்டர். ‘ஹூ’வுக்கு முன்னும் ‘மதுரை’க்குப் பின்னும் காற்புள்ளி வைத்தால், இருப்பது ஒரே சகோதரர், மதுரை கூடுதல் தகவல். தமிழில் ‘மதுரையில் இருக்கும் என் அண்ணன்’ என்றால் இந்த வேறுபாடு எழுத்தில் தெரியாது. ஆகவே ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் முழு வினைகளை அடிக்கோடிடுங்கள். பிறகு காற்புள்ளிகளைப் பாருங்கள்.